ஆள் வருது

பேர் சொல்ல மாட்டேன். மாநாட்டு மேடையிலேயே அவருக்கு வேறு பெயர்தான் வைத்து அழைத்தார்கள், பாதுகாப்புக்காம். எனக்கு அவர் அக்கா, அவ்வளவுதான். இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறார், யாரோடு இருக்கிறார், ஒன்றும் தெரியாது. பழைய கைப்பேசி எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒரு மலாய்க்காரப் பையன் எடுக்கிறான். ஆனால் எங்கேயாவது ஒரு காலி நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் கிடப்பதைப் பார்த்தால் போதும், அவர் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஆள் வருது."

முதன்முதலில் அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலேசியாவில் லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரிலிருந்து எல்லை நகரமான ஜொகூர் பாருவுக்கு, எங்கள் வாயில் ஜேபிக்கு, வந்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விடியுமுன்னே கம்பெனி பஸ் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நிற்கும். அதில் உட்கார்ந்து, சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தைக் கடக்கும்வரை கண்ணை மூடினால்தான் அன்றைய பொழுது ஓடும். ஏறிப் பார்த்தால் எல்லா இடமும் நிறைந்திருந்தது. ஒன்றே ஒன்று காலி. சன்னலோரத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவர் பக்கத்து இருக்கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

அது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சாப்பாட்டுக் கடையில் ஒரு நாற்காலியிலோ மேசையிலோ டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே பார்த்துப் பழகி இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். பசியில் கண் இருட்டினாலும் அந்தப் பாக்கெட்டை யாரும் நகர்த்த மாட்டார்கள். சரி, சாப்பாட்டுக் கடைக்கு அது சரி. பஸ்ஸுக்குமா?

"அக்கா, இது என்ன ஃபுட் கோர்ட்டா? எடுங்க, நான் உக்காரணும்."

"ஆள் வருது தங்கச்சி."

நின்றேன். அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேர் ஏறினார்கள். ஒருவரும் அந்த இடத்துக்கு வரவில்லை, என் பக்கத்தில் வந்து அவர்களும் நின்றார்கள். அதற்கடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. குடிநுழைவுச் சோதனையெல்லாம் முடிந்து பஸ் பாலத்தின்மேல் ஏறிவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, உங்க ஆள் கடலுக்குள்ளேர்ந்து ஏறுவாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கால் வலிக்குதுன்னா என் எடத்துல உக்காரு. நான் நிக்கிறேன்." உட்கார்ந்தேன். பக்கத்தில் டிஷ்யூ பாக்கெட் சொகுசாக உட்கார்ந்து வந்தது, அதை வைத்தவர் தொழிற்சாலை வாசல்வரை நின்றுகொண்டே வந்தார். தன் இடத்தைக் கொடுப்பார், அந்த இடத்தைக் கொடுக்க மாட்டார். இப்படி ஒரு மனுஷியா என்று அன்றைக்கே அவரிடம் ஒட்டிக்கொண்டேன்.

ஒட்டிக்கொண்டேன் என்றா சொன்னேன்? ஓர் இருக்கை இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு வந்த படத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். இரண்டு டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்தார். எனக்கு ஒன்று என்று கையை நீட்டினேன். "இரு, ஒனக்கு வேற வாங்கறேன்" என்று திரும்ப வரிசையில் போய் நின்றார். உள்ளே அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் காலி நாற்காலி. சோளப்பொரியை அதன்மேல் வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். படம் முழுக்க எனக்கு அந்த நாற்காலிமேல்தான் எரிச்சல். எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, கல்யாணமும் கூடிவரவில்லை. நாலு பேரோடு ஓர் அறையில் படுத்து எழுந்து, பேச ஆளில்லாமல் கிடந்தேன். பக்கத்தில் உட்காரக்கூட எனக்குத் தகுதியில்லையா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

கோயில் அன்னதானத்தில் பார்க்க வேண்டும். பந்தியில் தனக்குப் பக்கத்து இலையை மறித்துக்கொள்வார். "ஆள் வருது, போடுங்க" என்று சொல்லிப் பரிமாறவும் வைப்பார். சோறு ஆறும், ரசம் ஓடும், அப்பளம் நமத்துப்போகும். பந்தி எழும் நேரத்தில், வீணாக்கக் கூடாதென்று அந்த இலையையும் அவரே சாப்பிட்டு முடிப்பார். மறுநாள் பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். "ஒங்க ஆளு நேத்து நல்லா சாப்ட்டாங்க போலிருக்கே" என்பேன். "வாயாடி" என்பார். அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

ஆள் யார் என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். சாயங்காலம் திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல், பஸ் நகரவே இல்லை. மழை வேறு. நான் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மக வருவா" என்றார்.

அக்காவுக்கு வடக்கே லாபிஸ் என்ற ஊரில் வாழ்க்கை. புருஷன் லாரி ஓட்டுகிறவன். அடி என்றால் சும்மா அடியில்லை, ஒரு காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அடையாள அட்டையையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மகள் பள்ளிவிட்டு வந்து பாயில் படுத்திருந்தாள். ஒரு வாரத்தில் அறை பார்த்துக்கொண்டு, வந்து கூட்டிப்போவது என்று எண்ணம். ஒரு வாரம் ஒரு மாதமானது. போனபோது புருஷனின் அக்கா கதவைத் திறந்தார், குழந்தை வெளியே வரவில்லை. "நான் வரல" என்று அறைக்குள்ளிருந்து சொன்னது மட்டும் கேட்டது. பிறகு எத்தனை தடவை போனாலும் அதே கதவு, அதே பதில். புருஷன் விபத்தில் செத்த பிறகும் அவள் அத்தையிடமே இருந்துவிட்டாள்.

"அன்னிக்கி ஜேபிக்கு வந்த பஸ்ஸுல என் பக்கத்து எடம் காலியாவே வந்துச்சுடி" என்றார் அக்கா. "லாபிஸ்லேர்ந்து இங்க வரைக்கும். ஒரு ஆள் ஏறல. எடம் இருந்துச்சு. கூட்டிட்டு வந்துருக்கலாம்."

அதற்குப் பிறகு அந்த டிஷ்யூ பாக்கெட்டை நான் கேலி செய்யவில்லை. யாராவது புதிதாக ஏறி முறைத்தால், "ஆள் வருது" என்று நானே பின்னாலிருந்து சொல்லிவிடுவேன்.

மகளுக்கு இருபது சொச்சம் வயதாகி, ஒரு பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். எப்படியோ எண்ணைப் பிடித்து அக்கா வாட்ஸாப்பில் வணக்கம் அனுப்புவார். கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும். அவள் முகப்புப் படம் மாற்றினால் அன்றைக்கு பஸ்ஸில் எனக்குப் புதுப்படம் ரிலீஸ். "எளச்சிட்டா பாரு", "இந்தச் சட்ட நல்லா இருக்குல்ல" என்று பாலம் முடியும்வரை ஓடும். மகளை வளர்த்ததெல்லாம் அவருக்கு அந்தப் படங்களில்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாநாடு வந்தது. பெண்ணுரிமை, பாலினச் சமத்துவம் பற்றிய அனைத்துலக மாநாடு, எங்கள் ஜேபியிலேயே, ஒரு பெரிய ஹோட்டலில். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண்கள் அமைப்புக்குப் போவார், கடைவீட்டு மாடியில் சின்ன அறை. அங்கேயிருந்த வழக்கறிஞர் அம்மாதான், அடி வாங்கி வெளியே வந்து சொந்தக் காலில் நிற்கிற ஒருவர் தமிழிலேயே பேசட்டும் என்று அக்காவைப் போட்டுவிட்டார். நல்ல மனுஷி. என்ன பேசுவது என்று கூட உட்கார்ந்து எழுதியும் கொடுத்தார். ஒன்றை மட்டும் விடச் சொன்னார்: "பிள்ளைய விட்டுட்டு வந்தத சொல்ல வேணாம்மா. அவ பெரிய பொண்ணு, அவ கதைய நாம பொதுவுல சொல்லக் கூடாது. கேக்கறவங்களும் ஒங்க அடிய மறந்துட்டு அதையே புடிச்சிக்குவாங்க." அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா மகளுக்குச் செய்தி அனுப்பினார். அம்மா பேசப் போறேன், நீ வா, இடம் போட்டு வைக்கிறேன் என்று. பதில் வந்தது: தெங்கோக் லா. மலாயில், பார்க்கலாம் என்று சொல்கிற மாதிரி. கட்டைவிரல் இல்லாமல் வார்த்தையாக வந்த முதல் பதில். நாலு நாள் அதையே ஆராய்ச்சி செய்தோம்.

"பாக்கலாம்னா வருவேன்னு அர்த்தமா, வரமாட்டேன்னு அர்த்தமா?"

"வரமாட்டேன்னா வரமாட்டேன்னே சொல்லியிருப்பாக்கா. ஒங்க மகதானே."

"அவ வந்தா எழுதிக் குடுத்தத மட்டும்தான் பேசுவேன்" என்றார் அக்கா. "அவ மொகத்தப் பாத்து அந்தக் கதைய என்னால சொல்ல முடியாது."

மாநாட்டுக்கு நானும் லீவு போட்டுப் போனேன். துணைக்கென்று சொன்னேன், ஹோட்டல் சாப்பாடும் ஒரு காரணம்தான். கழுத்தில் பெயர் அட்டையோடு ஒரு பட்டி, கையில் ஒரு துணிப்பை, மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதில் மாட்ட ஒரு கருவி. எத்தனை நாட்டுப் பெண்கள்! தொப்பி வைத்தவர், முக்காடு போட்டவர், தலையை மொட்டையடித்தவர். எல்லாரும் எல்லாரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஏர்கான் குளிரில் எனக்கு விரல் விறைத்துப்போனது. அக்கா மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து, அடுத்ததில் தான் உட்கார்ந்தார். அதற்கடுத்தது எனக்கு. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அதுவும் மறுபக்கம். எந்த வரிசை, எந்த ஓரம் என்று அக்கா மகளுக்குச் செய்தியும் போட்டுவிட்டார்.

மேடையில் ஒரு வெளிநாட்டு அம்மா, நாடாளுமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்று படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எடம் புடிக்கிறதப் பத்திப் பேசுறாங்க. இதுக்கு ஒங்களத்தான் கூப்பிட்டிருக்கணும்."

அவர் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவர் உடம்பு ஓர் அங்குலம் எழும்பி உட்காரும்.

அக்காவை மேடைக்கு அழைத்துப் போக ஒருவர் வந்தார். போகும்போது என் கையை அழுத்தி, "எடத்தப் பாத்துக்கோ" என்றார். அவர் போய் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வெள்ளைக்கார அம்மா ஒருவர் குனிந்து நடந்து வந்தார். டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும்; அழுகிறவர்களுக்காக ஏற்பாட்டாளர்களே நாற்காலியில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உட்கார்ந்தேவிட்டார்.

"ஹலோ, ஹலோ, காட் பீப்பிள் லா. திஸ் சேர் காட் பீப்பிள்" என்றேன் அக்காவின் காலி நாற்காலிக்கு மேலே சாய்ந்து; ஆள் இருக்கு என்பதற்கு எங்கள் ஊர் இங்கிலீஷ் அது. அவர் என் கையைப் பிடித்து, தேங்க் யூ என்றார். அதற்குள் அக்காவின் பெயரை, அதாவது அவர்கள் வைத்த பெயரை, அறிவித்துவிட்டார்கள். கைதட்டலில் என் இங்கிலீஷ் அடிபட்டுப்போனது.

அக்கா மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். முதலில் பார்த்தது அந்த நாற்காலியைத்தான். அதில் ஆள் இருந்தது. மகள் இல்லை. அவர் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார். புருஷன், அடி, காது, போலீஸ், அறை, வேலை. பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ் தெரிந்த எங்களுக்கு ஒன்று புரிந்து, நாலு மூச்சு கழித்துத்தான் மற்ற முகங்கள் மாறும்.

சொல்லி முடித்துவிட்டார். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

"எழுதிக் குடுத்ததுல இல்லாதது ஒண்ணு இருக்கு" என்றார். "நான் எம்புள்ளைய வுட்டுட்டு வந்தவ. எட்டு வயசு. பாயில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் எழுப்பல. எழுப்புனா அழும், அழுதா என்னால போக முடியாது. உசுரு முக்கியமா புள்ள முக்கியமான்னு அன்னிக்கி கேட்டுக்கிட்டேன். உசுருன்னு போயிட்டேன். இங்க என்னைய தைரியசாலின்னு சொன்னீங்க. அந்த தைரியத்தோட வெலை நான் குடுக்கல. அது குடுத்துச்சு."

முன்வரிசையில் வழக்கறிஞர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நாலு மூச்சு கழித்து, வெள்ளைக்கார அம்மா டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்தார்.

எனக்கு ஏன் திரும்பிப் பார்க்கத் தோன்றியது என்று தெரியவில்லை. பின்னால், கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து, முகப்புப் படத்தில் பார்த்த அதே பெண் நின்றிருந்தாள். அவள் காதில் கருவி இல்லை. எப்போது வந்தாளோ, வந்து மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்து, நமக்கு இடமில்லை என்று அங்கேயே நின்றுவிட்டாளோ. கடைசிவரை நின்று கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா தட்டு நிறைய எடுத்துவந்து தொடாமல் உட்கார்ந்திருந்தார். "வந்திருக்காக்கா, பின்னால நின்னா" என்று நான் சொல்லியிருந்தேன். கையில் டிஷ்யூ பாக்கெட் இல்லாததால், கழுத்துப் பட்டியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் வந்தாள். பட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக எத்தனை பேரைத் துரத்திய இடம்! அவள் உட்காரும்போது அக்கா மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழப் போனேன். அக்கா மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சாப்புடு" என்றார் மகளிடம்.

"அன்னிக்கி நான் தூங்கல" என்றாள் அவள்.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தெரியும்."

"தெரியுமா?"

"கண்ணு மூடியிருந்துச்சு. எம எல்லாம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் போனீங்களா?"

பெற்றவளை 'நீங்க' என்றாள். அக்காவும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"நீ கண்ணத் தொறக்கலையே. அம்மா போவட்டும்னு நீயா என்னைய அனுப்பி வெக்கிறதா நெனச்சிட்டேன்."

பக்கத்து மேசையில் யாரோ குழுவாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் சொன்னாள், "எனக்கு எட்டு வயசும்மா."

எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளிச் சரியாக வைத்தாள். "போறேன்" என்றாள். எங்கள் வீடுகளில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் வரேன் என்றுதான் சொல்வோம். அவள் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கூப்பிடவில்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன், "வுடுடி" என்றார். அன்றைக்கு மேடையில் அவருக்குக் கிடைத்த மாலையும் நினைவுச் சின்னமும் என் கையில்தான் இருந்தன. வீடுவரை நான்தான் சுமந்து வந்தேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல பஸ் ஏறினேன். அக்கா சன்னலோரத்தில் இருந்தார். பக்கத்து இடம் காலி. பழக்கதோஷத்தில் அதைத் தாண்டிப் பின்னிருக்கைக்குப் போய்விட்டேன். அவர் திரும்பி என் கையைப் பிடித்தார்.

"எங்க போற? இங்க உக்காரு. ஆள் இல்ல."

பார்த்தேன். டிஷ்யூ பாக்கெட் இல்லை. எத்தனை காலம் நான் ஏங்கிய இடம் அது. சினிமாக் கொட்டகையில், பந்தியில், இந்த பஸ்ஸில். இப்போது கிடைத்துவிட்டது. உட்கார எனக்கு மனசே வரவில்லை. பின்னாலிருந்து ஆள்கள் நெருக்கினார்கள், ஓட்டுநர் சத்தம் போட்டார். உட்கார்ந்தேன். இருக்கை நுனியில்தான் உட்கார்ந்தேன்.

பஸ் பாலத்தின்மேல் ஏறியது. அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். கேட்கிற காது என் பக்கம் இருந்தது.

"அவ வந்தா நான் எந்திரிச்சிர்றேன்க்கா" என்றேன்.